தானே விலகியதாக ஒரு கடிதம்

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே அமைந்துள்ள காடாம்புலியூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற செம்மண் பகுதியாகும். முந்திரித் தோப்பையும், கொட்டை உடைக்கும் கூடங்களையும், நெய்வேலிச் சுரங்கத்தின் ஒப்பந்த வேலையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து கடந்த கால் நூற்றாண்டில் ஒரு புதிய தலைமுறை ஊழியர்கள் உருவாகியுள்ளனர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரங்களில் பெருகிய தனியார் பொறியியல் கல்லூரிகளிலோ படித்து, அவர்களில் பலர் 2010-11 கல்வியாண்டில் தமிழக அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையின் துணையோடு பட்டம் பெற்று, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தரமணியில் 2000ஆம் ஆண்டு ஜூலையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல் அச்சாலையின் இருபுறமும் வளர்ந்த இத்தொழில், இவ்வட்டாரக் குடும்பங்களுக்கு மாடி வீட்டையும் தம்பி தங்கையரின் படிப்பையும் தந்தது. ஆனால் பிள்ளையின் சம்பளத் தொகையை அறிந்த அளவுக்கு, அவர் எவ்வகை நிர்வாகத்தின்கீழ் வேலை செய்கிறார் என்பதை அக்குடும்பங்கள் அறிந்ததில்லை.

ஒரு நிறுவனத்தின் பணியிடப் பண்பாட்டை, அதன் வரவேற்பறையில் எழுதிவைத்த கொள்கை வாசகங்களைக் கொண்டோ, குடும்பத்தினரை அழைத்து நடத்தும் ஆண்டு விழாவைக் கொண்டோ மதிப்பிடுவதைவிட, அது ஓர் ஊழியரை எவ்வாறு வெளியே அனுப்புகிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே சரியாக இருக்கும். தமிழகத்தின் மென்பொருள் துறையில் அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர், ஏட்டளவில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர்கள் அல்லர். தாமாகவே ராஜினாமா செய்தவர்கள். விருப்பமில்லாத ஒருவர் தாம் விரும்பி விலகுவதாக எழுதிக்கொடுக்கும் அந்தக் கடிதம் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அத்தொழிலின் அன்றாட நிர்வாகக் கருவிகளை ஒவ்வொன்றாகக் காண வேண்டியுள்ளது.

முதற்கருவி 'பெஞ்ச்'. இந்தியாவின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை சொந்தப் பொருளைச் செய்து விற்பவை அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தேவையான மென்பொருளை எழுதியும் பராமரித்தும் கொடுத்து, அதற்குச் செலவிட்ட ஆள்நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் பெறுபவை. அவ்வாறு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக்கூடிய வேலையில் இருப்பவர் 'பில்லிங்'கில் இருக்கிறார் என்றும், ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம் கிடைக்கும்வரை சம்பளத்தோடு காத்திருப்பவர் 'பெஞ்சில்' இருக்கிறார் என்றும் அவர்களிடையே சொல்வார்கள். ஒரு காலத்தில் பெஞ்ச் என்பது நிறுவனம் எதிர்கால வேலைக்காகக் கையில் வைத்திருந்த ஆள் இருப்பு; இன்று அது ஊழியரின் குற்றப்பட்டியலில் முதல் வரியாக மாறியிருக்கிறது. நாட்டின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனமான டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், 2025 ஜூன் மாதம் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் கட்டணம் பெறும் வேலையில் இருக்க வேண்டும். 35 நாட்களுக்குமேல் பெஞ்சில் இருத்தல் ஆகாது. வேலையைக் கொண்டுவரும் பொறுப்பு விற்பனைப் பிரிவுக்கும் தலைமைக்கும் உரியதாக இருக்க, வேலை இல்லாமையின் பொறுப்பை மட்டும் ஊழியரின் தலையில் வைக்கும் இந்த ஏற்பாடு நியாயமானதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது கருவி ஆண்டு மதிப்பீடு. ஊழியர்கள் 'அப்ரைசல்' என்றும், அதன் முடிவை 'ரேட்டிங்' என்றும் குறிப்பிடும் இம்முறையில், நீண்டகாலம் கோலோச்சியது மணிவடிவ வளைகோட்டு முறையாகும். ஒரு குழுவில் உள்ளவர்களில் சிறு பகுதியினர் மிகச் சிறந்தவர்களாகவும், பெரும்பகுதியினர் நடுத்தரமானவர்களாகவும், எஞ்சிய சிறு பகுதியினர் குறைபாடு உடையவர்களாகவும் இருந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிட்டு, பிறகு அப்பங்குகளுக்கு ஏற்ப ஆட்களைப் பொருத்துவது இதன் வழிமுறை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமையேற்றிருந்த காலத்தில் 20, 70, 10 என்ற விழுக்காட்டுப் பிரிவினையாகப் புகழ்பெற்ற இம்முறையின்படி, பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும், ஒருவர் கடைசித் தட்டில் வைக்கப்பட வேண்டும். குழுத்தலைவர் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, மகப்பேற்று விடுப்பில் இருந்தவர், ஆண்டின் நடுவில் குழுவுக்கு வந்தவர், இரவு அழைப்புகளுக்கு வர மறுத்தவர் ஆகியோர் எளிதில் கண்ணில் படுவது இயல்பு. காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரிக் கூடத்தில் பருப்பு எடுக்கும் பெண்ணின் கூலி குறைவுதான் என்றாலும், அவர் எடுத்த பருப்பின் எடையைத் தராசில் அவரும் பார்க்கிறார், மேற்பார்வையாளரும் பார்க்கிறார். மென்பொருள் ஊழியரின் எடையோ அவர் இல்லாத அறையில் நிறுக்கப்பட்டு, முடிவு மட்டும் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் 2013லும் அக்சென்சர் 2015லும் இந்தக் கட்டாயத் தரவரிசையைக் கைவிட்ட பிறகு இந்திய நிறுவனங்கள் சிலவும் அதைக் கைவிட்டதாக அறிவித்தன. எனினும், கடைசித் தட்டு என்ற எண்ணம் பெயர் மாறி நீடிப்பதாக ஊழியர்கள் சொல்வது தொடர்கிறது.

கடைசித் தட்டில் வைக்கப்பட்டவருக்கு 'பிப்' எனப்படும் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் வழங்கப்படும். குறிப்பிட்ட சில வாரங்களில் குறிப்பிட்ட இலக்குகளை எட்ட வேண்டும் என்று எழுத்தில் தரப்படும் இவ்வாய்ப்பு, பெயரளவில் பயிற்சியாகவும், நடைமுறையில் பெரும்பாலும் வெளியேற்றத்துக்கான ஆவணத் திரட்டாகவும் அமைகிறது.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை விதிக்கிறது. கிழக்கு அமெரிக்காவில் காலை விடியும்போது தமிழகத்தில் மாலையாகிவிடுவதால், பகல் முழுவதும் வேலை பார்த்தவர் இரவில் வாடிக்கையாளரின் அழைப்புக்கும் அமர வேண்டியிருப்பது இத்தொழிலின் அமைப்பிலேயே உள்ள சிக்கல். அது எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. ஆனால் அந்த இரவு நேரம் வேலை நேரமாகக் கணக்கில் எழுதப்படாமல் போவது நிர்வாகத்தின் தேர்வாகும். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறியபோது நாடெங்கும் எழுந்த விவாதத்தில், சட்டம் 48 மணி என்று ஏற்கெனவே சொல்லியிருப்பதை நினைவூட்டியோர் சிலரே.

ஊழியரைக் கட்டிவைக்கும் மற்றக் கயிறுகள் காகிதத்தால் ஆனவை. வேலையிலிருந்து விலகுவதாக அறிவித்த பிறகும் பணியில் நீடிக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம் பல நிறுவனங்களில் 90 நாட்கள். அடுத்த நிறுவனமோ உடனே சேரக்கூடியவரைத் தேடுகிறது. பணிவிடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் இல்லாதவரை அடுத்த நிறுவனம் சேர்த்துக்கொள்வதில்லை. சேரும் முன் பழைய நிறுவனத்திடமே விசாரிக்கும் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006இல் ஏற்படுத்திய தேசியத் திறனாளர் பதிவேடு, ஊழியரின் கைரேகையோடு அவருடைய கல்வி, பணி விவரங்களைச் சேர்த்துவைக்கிறது. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே எண் என்றான பிறகு, எவர் எங்கே வேலை பார்த்தார் என்பதை மறைப்பதும் கடினமாயிற்று. இவற்றுள் எதுவும் தனியாகப் பார்த்தால் முறைகேடு அன்று. ஆனால் ஒன்றுசேரும்போது, பழைய நிறுவனம் எழுதித்தரும் ஒரு வரியில் ஊழியரின் அடுத்த வாழ்வு தொங்குகிறது. 'டெர்மினேட்' என்ற அந்த ஒரு சொல் தம் கடிதத்தில் வந்துவிடக் கூடாது என்ற அச்சமே ராஜினாமாவில் கையெழுத்திட வைக்கும் ஆற்றலாகும். வீட்டுக் கடன் தவணையும், வரன் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமும் அந்த அச்சத்தை இருமடங்காக்குகின்றன.

நிறுவனத்துக்கு இதனால் என்ன இலாபம் என்பது அடுத்த வினா. தொழிற்தகராறுகள் சட்டம், 1947 ஆட்குறைப்புக்கு விதித்த நிபந்தனைகளில் மூன்று முக்கியமானவை: ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம்; முடித்த ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம்; ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புதல். பன்னிரண்டு ஆண்டு பணிபுரிந்தவருக்கு இழப்பீடு ஏறத்தாழ ஆறு மாத ஊதியமாகும். பெரும் நிறுவனங்களுக்கு அது தாங்க முடியாத செலவன்று. அவற்றை உறுத்துவது மூன்றாவது நிபந்தனையே. புதிதாகச் சேர்ந்த பட்டதாரியின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக மூன்று, மூன்றரை இலட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்க, பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ளவரின் சம்பளம் அதைப்போலப் பல மடங்காகியிருக்கிறது. எனவே நிறுவனம் அனுப்ப விரும்புவது இடைநிலை ஊழியரை. சட்டம் முதலில் காக்கச் சொல்வதும் அவரையே. இந்த முரணிலிருந்து தப்பும் வழிதான் ராஜினாமாக் கடிதம். விலகியவருக்கு ஆட்குறைப்புச் சட்டம் பொருந்தாது.

சட்டத்திலிருந்து விலகி நிற்க இன்னொரு வழி பதவிப் பெயர். மேற்படி சட்டம் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் உடலுழைப்பாளரை மட்டுமன்றி, தொழில்நுட்பப் பணியும் எழுத்தர் பணியும் செய்வோரையும் சேர்த்திருந்தது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களை விலக்கியிருந்தது. ஆகவே நிரல் எழுதுபவருக்கும் சோதனை செய்பவருக்கும் 'ஆலோசகர்', 'மேலாளர்' என்ற பட்டங்களைச் சூட்டிவிட்டால் அவர் தொழிலாளர் அல்லர் என்று வாதிடலாம். ஊரில் திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பெருமையோடு அச்சிடப்படும் அந்தப் பட்டம், தொழிலாளர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான வாதமாக மாறுவது இத்துறையின் விநோதங்களுள் ஒன்று.

இவ்வனைத்தும் தமிழகத்தில் வெளிப்படையான பேச்சாக மாறியது 2014 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் ஆகும். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் அனுபவம் மிக்க ஊழியர்களை வெளியேற்றுவதாகவும், எண்ணிக்கை 25,000ஐத் தொடும் என்றும் செய்தி பரவ, நிறுவனம் அந்த எண்ணிக்கையை மறுத்து, செயல்திறன் அடிப்படையில் ஆண்டுதோறும் நிகழும் விலக்கல்தான் இது என்று விளக்கியது. அப்போது அதன் தலைமைச் செயல் அலுவலராக இருந்தவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த என். சந்திரசேகரன் என்பதையும் குறிப்பிடலாம். தலைமையில் தமிழர் இருப்பது தரவரிசையின் தர்க்கத்தை மாற்றிவிடுவதில்லை. வெளியேற்றத்தை எதிர்த்து 'எஃப்.ஐ.டி.இ.' என்ற தகவல் தொழில்நுட்ப ஊழியர் மன்றம் சென்னையில் உருவாயிற்று. கருவுற்றிருந்த ஒரு பெண் ஊழியர் தொடுத்த வழக்கில் 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. புதிய ஜனநாயகத் தொழிலாளர் முன்னணி என்ற தொழிற்சங்கத்தின் ஐ.டி. ஊழியர் பிரிவு எடுத்த முயற்சியின் விளைவாக, தமிழக அரசு 2016இல் தெளிவான ஒரு விளக்கத்தை அளித்தது: தொழிற்தகராறுகள் சட்டத்திலிருந்து மென்பொருள் நிறுவனங்களுக்கு விலக்கு ஏதும் இல்லை, அவற்றின் ஊழியர்கள் சங்கம் அமைத்துக்கொள்ளலாம். சட்டத்தில் என்றும் இருந்த உரிமையை அரசு எழுதிக்கொடுத்த பிறகே பலர் நம்பினர் என்பதிலிருந்து, இத்துறைக்குச் சங்கமே கூடாது என்ற கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

2017ஆம் ஆண்டு அந்தக் கடிதம் பெறப்படும் முறை ஒலிவடிவிலேயே வெளிவந்தது. டெக் மகிந்திரா நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அலுவலர் ஒருவர், மறுநாள் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்யாவிட்டால் பணிநீக்கம் செய்யப்படுவீர் என்று ஓர் ஊழியரிடம் கூறிய உரையாடல் பதிவு பரவியதும், குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திரா ஜூலையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு மே மாதம் சென்னையில் காக்னிசன்ட் ஊழியர்கள் கட்டாய ராஜினாமா குறித்துத் தொழிலாளர் துறையிடம் முறையிட்டனர். மறுபக்கம் அந்நிறுவனம் தன் மூத்த நிர்வாகிகளில் ஒரு பகுதியினருக்கு ஒன்பது மாதச் சம்பளம் வரை தந்து விருப்ப விலகலுக்கு வழிசெய்தது. மேலே உள்ளவருக்கு விலகல் ஒரு பேரம். கீழே உள்ளவருக்கு அது ஒரு கெடு. இந்தப் பிரிவினையைப் பற்றித் துறையின் ஆண்டறிக்கைகள் பேசுவதில்லை.

கையெழுத்திட மறுத்து வழக்குத் தொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2015இல் பணிநீக்கம் செய்த ஒருவர் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடியபோது, அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், எனவே தொழிலாளர் அல்லர் என்று நிறுவனம் வாதிட்டது. பதவியின் பெயரை விட்டுவிட்டு அவர் உண்மையில் செய்த பணியின் தன்மையை ஆராய்ந்த நீதிமன்றம், அவரைத் தொழிலாளராகவே கருதி, முழு ஊதியத்துடனும் பணித்தொடர்ச்சியுடனும் மீண்டும் வேலையில் சேர்க்குமாறு 2022இல் தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை ஏழு ஆண்டுகள். உரிமை உண்டு என்பதற்கும், அதை அடையும் வழி ஒரு சாமானியக் குடும்பத்தால் தாங்கத்தக்கதன்று என்பதற்கும் ஒருசேரச் சான்றாக நிற்கும் தீர்ப்பு இது.

காடாம்புலியூர் வட்டாரத்து வாசகருக்கு இங்கே ஓர் ஒப்புநோக்கு இயல்பாகத் தோன்றும். அடுத்துள்ள நெய்வேலியில் 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில், தொழிற்சங்கம் இரகசிய வாக்கெடுப்பின் வழி அங்கீகாரம் பெறுகிறது. ஊதியம் பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. 2013இல் மத்திய அரசு அந்நிறுவனத்தின் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, முடிவில் தமிழக அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கிக்கொண்டன. அதே நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளர் நிலை அவ்வளவு பாதுகாப்பானதன்று என்பதும் இவ்வட்டாரம் அறிந்ததே. சங்கத்தின் பயனையும் அது இல்லாமையின் விளைவையும் ஒரே ஊரில் கண்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள்கூட, பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சென்றபின் சங்கத்தில் சேரத் தயங்குகின்றனர். ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளமும் தனித்தனியாக மறைத்துவைக்கப்படுவதும், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரே தரவரிசையில் போட்டியாளராக இருப்பதும், குறை இருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாறிச் சம்பளத்தையும் உயர்த்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் இதற்குக் காரணங்கள். கடைசியாகச் சொன்ன நம்பிக்கை, வேலை பெருகிய காலங்களில் பொய்க்கவில்லை; நாற்பது வயதைக் கடந்தவருக்கு அது பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது.

எல்லா நிறுவனங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. 1996இல் தொடங்கிய ஸோஹோ, ஆள்நேரத்தை விற்காமல் சொந்த மென்பொருளை விற்பதாலும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாமல் இருப்பதாலும், காலாண்டுக் கணக்குக்காக ஆட்களைக் குறைக்கும் நெருக்கடி அதற்குக் குறைவு. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களைத் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலை தருவதையும், 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்ததையும் பலர் அறிவர். கடலூர் மாவட்டத்துக்கு அண்மையில், விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டுள்ளது. சொந்த ஊருக்கு அருகே வேலை கிடைப்பது வாடகையையும் பயணத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் கட்டடம் இடம் மாறினால் நிர்வாக முறையும் மாறும் என்று கொள்வதற்கில்லை. சிறிய ஊரில் மாற்று வேலை அருகில் இல்லாதபோது ஊழியரின் பேரம் பேசும் வலிமை மேலும் குறையவும் கூடும்.

2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், தன் ஊழியர்களில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கும் மேற்பட்டோரை, பெரும்பாலும் இடைநிலை, உயர்நிலைப் பதவிகளிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருத்தமின்மையே காரணம் என்பது நிறுவனத்தின் விளக்கம். 2014இல் மறுக்கப்பட்டது 2025இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது என்ற அளவில் இதில் ஒரு நேர்மை உண்டு. ஆயினும், பத்தாண்டுகள் ஒரே வாடிக்கையாளரின் பழைய மென்பொருளைப் பராமரிக்க வைத்துவிட்டு, புதிய திறன் இல்லை என்று ஊழியரையே குறைகூறுவது ஏற்கத்தக்கதன்று.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் பழைய தொழிற்தகராறுகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. முடித்த ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற இழப்பீடு அதிலும் நீடிக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் மறுபயிற்சிக்காக நிறுவனம் மேலும் 15 நாள் ஊதியத்தைச் செலுத்த வேண்டும் என்பது புதியது. இவை யாவும் ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கே உரியவை, விலகியவருக்கு அல்ல. ஆதலால், ராஜினாமா எழுதித்தருமாறு கேட்கப்படும் ஊழியர் அன்றே அந்த அறையிலேயே கையெழுத்திடாமல், பணிநீக்க ஆணையை எழுத்தில் தருமாறு கேட்க வேண்டும். நியமன ஆணை, ஆண்டு மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் படிகளை முன்பே வீட்டில் வைத்திருக்க வேண்டும். கட்டாயத்தின்பேரில் கையெழுத்திட நேர்ந்திருந்தால், தம் எதிர்ப்பைத் தாமதமின்றி எழுத்தில் நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். பணிநீக்கத்தை எதிர்த்து முறையிடப் பழைய சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தந்திருந்தது. புதிய சட்டத்தில் அது இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது.